ஓடை குடியேறிய ஜீப்

பங்குனி பிறந்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கணவாய் வளைவில் வற்றிப்போயிருந்த எங்கள் ஓடை ஒச்சம்மாளின் ஜீப்புக்குள் இருப்பது தெரியவந்தது. ஓடை என்றால் ஏதோ ஒரு குடம் தண்ணீர் என்று நினைத்துவிடாதீர்கள். முழு ஓடை. அதன் குளிர்ச்சியோடு, பாசி வாசனையோடு, கூழாங்கல் உருளும் சத்தத்தோடு, அயிரை மீன்களோடு, பாறை இடுக்கில் காலங்காலமாகக் குடியிருந்துகொண்டு போகிற வருகிற எல்லார் கால் விரலையும் கவ்விய அந்தக் கிழட்டு நண்டோடு, மொத்தமாக வந்து ரேடியேட்டருக்குள் குடியேறியிருந்தது. எப்படி வந்தது என்று எங்கள் ஊரில் யாரும் கேட்கவில்லை. தண்ணீர் வந்துவிட்டதா, குடத்தை எடு, அவ்வளவுதான்.

நான் செவனம்மா. சட்டிப்பள்ளத்தில் ஜீப்புகள் வந்து நிற்கிற இடத்தில் டீக்கடை வைத்திருப்பவள். பேருக்கேற்ற ஊர் அது. சட்டியின் அடியில் நாங்கள், சுற்றிலும் விளிம்பாக மலை, மலை முழுக்கக் காப்பியும் மிளகும். வெளியே போக ஒரே பாதை. இங்கேயிருந்து ஏறி ஏறிக் கணவாய்க்குப் போக வேண்டும், அங்கேயிருந்து வளைந்து வளைந்து சமவெளிக்கு இறங்க வேண்டும். கீழேயிருந்து வருகிறவனும் ஏறி ஏறித்தான் கணவாய்க்கு வரவேண்டும். ஆகவே எந்தப் பக்கமிருந்து வந்தாலும் எந்த வண்டியும் கணவாய் வளைவைத் தொடும்போது கொதித்துக்கொண்டுதான் தொடும். அந்த வளைவில் ஓர் அத்தி மரம், மரத்தடியில் பாறை, பாறையின் வெடிப்பிலிருந்து ஓடை, வெடிப்புக்கு மேலே மஞ்சள் பூசிய ஒரு கல். அந்தக் கல்தான் எங்கள் ஊத்தாத்தா. ஊருக்குக் குடிதண்ணீர் தருகிறவளும் அவள்தான், வண்டிகளின் கொதியை அடக்குகிறவளும் அவள்தான்.

அங்கே நிற்காமல் போன வண்டி கிடையாது. நிறுத்தி, பானெட்டைத் தூக்கி, ஆவி அடங்கும்வரை பீடி குடித்துவிட்டு, முதல் மக்கு தண்ணீர் ஆத்தாவுக்கு, அடுத்த மக்கு ரேடியேட்டருக்கு. அந்த வரிசையை மாற்ற எந்த டிரைவருக்கும் தைரியம் வராது. அதைவிடப் பெரிய வழக்கம் ஒன்று உண்டு. இன்ஜினிலிருந்து சுடுதண்ணீர் ரேடியேட்டருக்குப் புறப்படுகிற வாசலில், உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி ஒரு பித்தளை வால்வு இருக்கும். வண்டி குளிர்ந்திருக்கும்போது அது வாயை மூடிக்கொண்டு தண்ணீரை இன்ஜினுக்குள்ளேயே நிறுத்திவைக்கும். போதுமான சூடு ஏறிய பிறகுதான் மெல்லத் திறந்து வழிவிடும். எங்கள் மலைக்கு எந்த ஜீப் புதிதாக வந்தாலும், மெக்கானிக் சன்னாசி முதல் வேலையாக அந்த வால்வைப் பிடுங்கிவிடுவான்.

“தண்ணிக்கு எதுக்குய்யா கதவு? வேகமா ஓடுனாத்தான வண்டி குளுரும்?” என்பான்.

அவனேதான் ஊத்தாத்தாவுக்குப் பூசாரியும். பிடுங்கிய வால்வைக் கம்பியில் கோத்து அத்தி மரத்தில் கட்டி, தேங்காய் உடைத்து, “ஆத்தா, இந்த வண்டியோட வாயத் தொறந்துவிட்டுட்டேன், இனி நீ பாத்துக்க” என்று கும்பிட்டுவிட்டு வருவான். அப்படிக் கட்டிக் கட்டி, இலை உதிர்கிற காலத்தில் பார்த்தால் மரத்தில் இலையைவிட வால்வு அதிகமாகத் தொங்கும். காற்றடித்தால் கலகலவென்று ஒரு சத்தம். வண்டிகள் என்னவோ முன்னைவிட அதிகமாகவே கொதித்தன. மலை என்றால் கொதிக்கத்தான் செய்யும் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

மலையில் ஒரே ஒரு ஜீப்பில் மட்டும் வால்வு அதன் இடத்தில் இருந்தது. அது ஒச்சம்மாளின் ஜீப். அதற்குக் காரணம் அறிவெல்லாம் இல்லை, ஆங்காரம்.

அவள் மகள் நாகஜோதிக்கு முதல் பிரசவம் வந்தபோது, ஒச்சம்மாளுக்கு ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்புவது என்றுகூடத் தெரியாது. வாடகை ஜீப் ஒன்றில் மகளையும் துணைக்கு என்னையும் ஏற்றிக்கொண்டு கீழே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். கணவாய் வளைவில் வண்டி கொதித்து நின்றது. தண்ணீர் ஊற்றினார்கள், கிளம்பியது, நாலு முழம் போய் மறுபடி கொதித்தது. மறுபடி ஊற்றினார்கள். உள்ளே பெண் கதற, ஒச்சம்மாள் ஓடிப்போய் அந்தக் கல்லின் காலடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, “ஆத்தா, வண்டிய மட்டும் கிளப்பிவிடு, எனக்கு வேற ஒண்ணும் வேணாம்” என்று மண்ணைத் தின்றாள். வண்டி கிளம்பி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தது. ஆண் பிள்ளை. திரும்பி வரும் வழியில் துணியில் சுற்றிய பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, அதே வளைவில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, கல்லைப் பார்த்து அவள் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

“கால்ல விழுந்தேன், நீ கண்ணத் தொறக்கல. இனி உனக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.”

அப்புறம் மிளகுத் தோட்டத்தைக் கொடுத்து ஒரு பழைய ஜீப்பை வாங்கினாள். மற்ற பெண்கள் மூட்டு வலிக்குத் தைலம் தேடுகிற வயதில் கீழே போய் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, தானே ஓட்டிக்கொண்டு மலையேறி வந்தாள். சன்னாசி வழக்கம்போல ஸ்பேனரோடு போனான். அவள் ஜாக்கி லீவரோடு நின்றாள்.

“என் வண்டியிலருந்து ஒரு ஆணிகூட அவளுக்குப் போகாது. கிட்ட வந்த, மண்ட ஒடையும்.”

அன்றிலிருந்து வளைவில் நிற்கும்போதெல்லாம் முதல் மக்கும் ரேடியேட்டருக்குத்தான், அடுத்த மக்கும் ரேடியேட்டருக்குத்தான். கல்லுக்கு ஒரு சொட்டு கிடையாது. கூட உட்கார்ந்திருக்கிற நாங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வோம். அவள் பாட்டுக்கு மூடியைத் திருகிவிட்டு ஏறி உட்காருவாள்.

இந்தச் சமயத்தில்தான் ஓடை வற்றத் தொடங்கியது. முதலில் கை தடிமன், பிறகு விரல் தடிமன், பிறகு நூல், பிறகு பாறையில் ஈரம், பிறகு அதுவும் இல்லை. மழை பெய்த வருஷம்தான். மற்ற மலைகளில் ஓடைகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. எங்கள் ஆத்தா மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டாள். சன்னாசி மூன்று கிடாய் வெட்டிப் பார்த்தான். கடைசியில் ஊர் எல்லாம் ஒச்சம்மாள் பக்கம் திரும்பியது. வால்வு கொடுக்காதவள், தண்ணீர் ஊற்றாதவள், அவளால்தான் என்றார்கள். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நாகஜோதி மறுபடி உண்டாகிப் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். ஒச்சம்மாளுக்கு அந்த வயிறும் அந்த வண்டியும் தவிர உலகத்தில் வேறு எதுவும் கண்ணில் படவில்லை. தினமும் காலையில் வண்டியைக் கிளப்பி, சூடு காட்டும் முள்ளைப் பார்த்து, சைலன்சரில் புகை எப்படி வருகிறது என்று பார்த்து, தூசி தட்டித் துடைத்து வைப்பாள். மருமகன் திருப்பூரில் மில்லில் இருந்தான். வலி வந்தால் மகளைக் கொண்டுபோக அவளையும் ஜீப்பையும் விட்டால் ஆளில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை என் கடை முன்னால் வண்டி ஓடிக்கொண்டிருக்க, அவள் டீ குடித்துக்கொண்டிருந்தாள். பானெட்டுக்குள்ளிருந்து கூழாங்கல் உருளுகிற மாதிரி சத்தம் வந்தது. சாக்கை மடித்துப் பிடித்துக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினாள். ஆவி அடிக்கும் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆவி வரவில்லை. தண்ணீர் வந்தது. சில்லென்று, தெளிவாக, பால் பொங்குகிற மாதிரி விளிம்பைத் தாண்டிப் பொங்கி, பம்பரில் வழிந்து, தரையில் ஓடி, என் அடுப்பையே அணைக்கப் பார்த்தது. வடைத் தட்டில் ஏதோ துள்ளியது. பார்த்தால் அயிரை.

“ஒச்சு, உன் வண்டி மீன் போடுதுடி” என்றேன்.

அவள் ஒரு வாய் அள்ளிக் குடித்தாள். குடித்ததும் அவள் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

“அடச்சீ, இவளா?” என்றாள். “வெக்கங்கெட்டவ. போயும் போயும் என் வண்டிக்குள்ளயா வந்து உக்காந்திருக்க?”

அவ்வளவுதான் ஆச்சரியப்பட்டது. அதற்குப் பிறகு வேலைதான். குடம் வந்தது, அண்டா வந்தது, சின்னப் பிள்ளைகள் டம்ளரோடு வந்தார்கள். ஒச்சம்மாள் பானெட் மேல் ஏறி நின்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

“எல்லாரும் பிடிச்சுக்கங்க, வேணாங்கல. ஆனா வண்டி என் மகளுக்கு. அவளுக்கு வலி கண்டா, அந்த நிமிசம் கொடத்தக் கீழ போட்டுட்டு ஒதுங்கிரணும். சத்தியம் பண்ணுங்க.”

சத்தியம் பண்ணினோம். சூடத்தின் மேல் அடித்துப் பண்ணினோம்.

பிறகு எங்கள் ஊர் அந்த ஜீப்பைச் சுற்றித்தான் விடிந்தது, அந்த ஜீப்பைச் சுற்றித்தான் அடைந்தது. ரேடியேட்டரில் மிகுந்த தண்ணீர் வழிகிற குழாயில் ஒரு ஹோசை மாட்டினோம். வீட்டுக்கு ஒரு நாள் முறைவைத்து டீசல் கொண்டுவந்தார்கள். இன்ஜின் ஓடினால்தான் தண்ணீர், அதுவும் கிளப்பியவுடன் வராது. வால்வு மூடியிருக்கிறதே, சூடேற வேண்டும். அந்த நேரம் முழுக்க ஊரே வரிசையில் நின்று வண்டியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும், கோழிகூடக் கத்தாது, வேலித் தகராறில் பல வருஷமாகப் பேசாமல் இருந்த இரண்டு வீட்டுக்காரர்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்க நேர்ந்து வேறு வழியில்லாமல் பேசத் தொடங்கினார்கள், கைக்குழந்தைகள் அழுகையை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டன. அப்புறம் உள்ளே எங்கோ ‘டொக்’ என்று ஒரு சத்தம், ஹோஸ் ஒருமுறை நெளியும், தண்ணீர் வரும். ஒவ்வொரு நாளும் அப்போது என் உடம்பு புல்லரித்துப் போகும். பழகிப்போகும் என்று பார்த்தேன், கடைசிவரை பழகவில்லை.

எவ்வளவு மிதித்தால் எப்படி வரும் என்பதையும் கற்றுக்கொண்டோம். ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் விட்டால் நூல் மாதிரி வரும், சில்லென்று இனிக்கும், குடிக்க அது. கொஞ்சம் மிதித்தால் கை தடிமனுக்கு வெதுவெதுப்பாக வரும், பிள்ளை பெற்றவள் குளிக்க அது. முழுக்க மிதித்தால் ஆறு மாதிரிக் கொட்டும், ஆனால் சுடும், இரும்பு வாசம் அடிக்கும், கால்நடைகூட மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். அதனால் ஆக்ஸிலேட்டர் மேல் வைக்க ஒரு கல்லைத் தேடி எடுத்தோம், அந்தக் கல்லுக்கு மஞ்சள் பூசினோம், பூசியதற்காக ஒச்சம்மாளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம். தட்டான்கள் ஜீப்பை விட்டு நகரவில்லை. சைலன்சருக்குள் தவளை சத்தம் கேட்டது. அந்தக் கிழட்டு நண்டு பேட்டரிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஆயில் பார்க்க நீட்டுகிற விரலையெல்லாம் கவ்வியது. வனக்காவலர் ஒருவர் வந்து இது காட்டுத் தண்ணீரா வண்டித் தண்ணீரா என்று விசாரித்தார். ஒரு டம்ளர் கொடுத்தோம், குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டார், அப்புறம் விசாரிக்கவில்லை. அந்த மாதம் நடந்த ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்குக் கால் அலம்ப ஜீப்பையே பந்தலுக்குள் விட்டார்கள்.

ஒச்சம்மாள் மட்டும் ஆத்தாவோடு சமாதானமாகவில்லை. வண்டி ஓட்டிக்கொண்டே திட்டுவாள். “மூணு வருசம் கழிச்சு இப்ப எதுக்கு வந்த? எடம் இருக்குன்னு உக்காரு, ஆனா என் மக ஏறுறப்ப ஏதாச்சும் வெளயாட்டுக் காட்டுன, உன்னைய வடிச்சு ரோட்டுல ஊத்திருவேன்.” ரேடியேட்டருக்குள் களக் என்று ஒரு சத்தம் கேட்கும். பதில்தானா என்று எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்கும்.

சித்திரைப் பூசை வந்தது. ஊர்க் குளத்தை நிரப்பிவிடலாம் என்று பெரியவர்களுக்கு ஆசை வந்துவிட்டது. நூல் மாதிரி வந்தால் என்றைக்குக் குளம் நிரம்பும்? மிதித்தால் சுடுகிறது. கிளப்பினாலும் காத்துக்கிடக்க வேண்டியிருக்கிறது. சன்னாசி தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

“எல்லாத்துக்கும் அந்த வால்வுதான்க்கா காரணம்” என்றான் என்னிடம். “வந்து உக்காந்திருக்கறது யாரு? ஆத்தா. அவளுக்கே கதவு போட்டு வெச்சிருக்கோம். தப்பில்லையா?”

“ஒச்சு உன்னக் கொன்னுருவா” என்றேன்.

“ஆத்தா காப்பாத்துவா” என்றான்.

மறுநாள் காலையில் ஒச்சம்மாள் மகளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டப் போன நேரம் பார்த்து, இரண்டு போல்ட்டைக் கழற்றி, வால்வைப் பிடுங்கி, மூடியைத் திரும்ப மாட்டிவிட்டான். வால்வைத் துண்டில் மடித்துக்கொண்டு வேறொரு ஜீப்பில் ஏறி வளைவுக்குப் போய், அத்தி மரத்தில் கட்டிக் கும்பிட்டும் வந்துவிட்டான். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. அவன் கண்ணில் தண்ணீர் நின்றது, அவ்வளவு பக்தி. வண்டியைக் கிளப்பியதும் தண்ணீர் கொட்டிய கொட்டு இருக்கிறதே! காத்திருக்கவே தேவையில்லை. ஹோஸ் பாம்பு மாதிரி துள்ளியது. பெண்கள் குலவை போட்டார்கள், நானும் போட்டேன். ஒச்சம்மாள் ஈரக்கையோடு ஓடிவந்தாள். ஒரு பார்வைதான். புரிந்துகொண்டாள்.

“எங்கடா?”

“மரத்துல கட்டிட்டேன்க்கா. ஆத்தாவுக்கு...”

அவள் கையை ஓங்கினாள். அதே நேரத்தில் வீட்டுக்குள்ளிருந்து நாகஜோதி, “அம்மா!” என்று கத்தினாள். அந்தக் கத்தலை ஒருமுறை கேட்ட தாய்க்கு மறுமுறை விளக்கம் தேவையில்லை.

சத்தியம் பண்ணிய ஊர் சத்தியத்தைக் காப்பாற்றியது. குடங்களை அப்படியே போட்டுவிட்டு இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. பின்சீட்டில் நாகஜோதியின் தலை என் மடியில். ஒச்சம்மாள் ஸ்டியரிங்கில். சன்னாசி பின்னால் தொற்றிக்கொண்டான். “எறங்குடா” என்றாள். “திட்டிக்கிட்டே ஓட்டுக்கா, நான் வர்றேன்” என்றான். உச்சி வெயில். ஏற்றம் தொடங்கியது.

“பயப்படாதக்கா, இன்னைக்கு ஓடுற மாதிரி என்னைக்கும் தண்ணி ஓடுனதில்ல, வண்டி ஐஸ் மாதிரி போகும் பாரு” என்றான் சன்னாசி. உண்மைதான், பானெட்டுக்குள் வெள்ளம் போகிற இரைச்சல். ஆனால் முள் ஏறியது. பாதி ஏற்றத்தில் பாதிக்கு வந்தது. முக்கால் ஏற்றத்தில் சிவப்பைத் தொட்டது. தண்ணீர் இரைந்துகொண்டே இருந்தது, முள்ளும் ஏறிக்கொண்டே இருந்தது. ஒச்சம்மாள் கியரை மாற்றி மாற்றிப் போட்டாள். அவள் கழுத்தில் நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. நாகஜோதி என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நொறுங்கியது. வண்டி இழுத்து, இருமி, நடுங்கி, கணவாய் வளைவில், அதே அத்தி மரத்தடியில், போன தடவை நின்ற அதே இடத்தில் நின்றது.

“இங்கயாம்மா?” என்றாள் நாகஜோதி.

சன்னாசி குதித்து இறங்கிப் பானெட்டைத் தூக்கினான். இன்ஜின் பக்கம் கை வைத்து, ஆ என்று இழுத்துக்கொண்டான். ரேடியேட்டரில் கை வைத்தான். வைத்த கையை எடுக்கவில்லை. மறுபடி வேறு இடத்தில் வைத்தான், அடியில் வைத்தான், கன்னத்தை வைத்துப் பார்த்தான்.

“ரேடியேட்டரு சில்லுனு இருக்கு” என்றான் மெல்ல. “இன்ஜின் கொதிக்குது, ரேடியேட்டரு சில்லுனு இருக்கு. காலைல ஹோஸ்ல கொட்டுனது மேலோட வழிஞ்சதுதான், கொதிக்கற தண்ணி இங்க வரவே இல்லக்கா. பக்கத்துல ஒரு குறுக்கு வழி இருக்கு, வால்வு தொறக்கறப்ப அதோட அடித்தட்டு அந்த வழிய அடைக்கும். வால்வு இல்லேன்னா அடைக்க ஆளில்ல. தண்ணி அதுல பூந்து இன்ஜினுக்கே திரும்பித் திரும்பிப் போயிருக்கு. எவ்வளவு வேகமா ஓடி என்ன, ஆறுற எடத்துக்கு வராம அங்கயே சுத்தியிருக்கு.”

சொல்லிவிட்டு ஒச்சம்மாளைப் பார்த்தான். அவன் முகத்தில் ரத்தம் இல்லை. அன்றைக்குக் கொதித்த வாடகை ஜீப்பில் வால்வைப் பிடுங்கியவனும் அவன்தான்.

“அப்ப அன்னைக்கும்...” என்றான்.

“அத அப்பறம் அழுவோம்” என்றாள் ஒச்சம்மாள். “வால்வ எடு.”

அவன் மரத்தை நிமிர்ந்து பார்த்தான். கை மேலே போகவில்லை. ஆத்தாவுக்குக் கொடுத்ததைத் திருப்பி எடுத்த பூசாரி எந்த மலையிலும் கிடையாது. ஒச்சம்மாள் அவனைத் தள்ளிவிட்டு, சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடிக்கு வந்தாள். கல்லைப் பார்த்து நின்றாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்தக் கல்லின் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

“ஏ, உன்னத்தான். தப்பு உன்னுது இல்லேன்னு இப்பத் தெரியுது. ஏசுனதுக்கு என்னைய என்ன வேணா பண்ணு. ஆனா இந்தப் பிள்ளைய விட்டுரு. நீயும் ஒரு பொம்பளதான?”

மூடியைத் திருகினாள்.

இன்ஜினுக்குள் அடைபட்டிருந்த ஆவி கிளம்பியது. இதுவரை நான் பார்த்த ஆவி எல்லாம் ஆவியே இல்லை. ஓடை முழுக்க ஆவியாகி எழுந்தது. வெள்ளையாக, வட்டமாக, ஓய்வே இல்லாமல் எழுந்து, ஜீப்பை மறைத்து, கல்லை மறைத்து, அத்தி மரத்தின் அடியிலிருந்து நுனிவரை ஏறி மூடிக்கொண்டது. பாசி வாசனையும் அயிரை வாசனையும் மழை மண் வாசனையும் மூக்கில் ஏறின. எங்களுக்கு ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. நாகஜோதிகூட முனகுவதை நிறுத்தினாள். அந்த வெள்ளைக்குள் எங்கோ மேலே, டொக்.

ஒன்று. பிறகு இன்னொன்று. பிறகு வலப்பக்கக் கிளையில் நாலைந்து. பிறகு கிளை கிளையாக, மரம் முழுக்க, துருப்பிடித்தது, களிம்பேறியது, யாருடைய வண்டியோ எந்தக் காலத்திலோ விட்டுப்போனது எல்லாம், சூடு பட்டுச் சூடு பட்டு ஒவ்வொன்றாக வாயைத் திறந்தன. டொக் டொக் டொக்கென்று மரமே பேசியது.

“ஐயோ ஆத்தா” என்று சன்னாசி மண்ணில் உட்கார்ந்துவிட்டான். “தொறந்துவிட்டேன் தொறந்துவிட்டேன்னு சொல்லிச் சொல்லி, இத்தன மூடுன வாயையா உன் தலையில கட்டித் தொங்கவிட்டேன்?”

மேலேயிருந்து ஏதோ கிளையில் இடித்து இடித்து விழுந்தது. ஒச்சம்மாளின் கால் பக்கத்தில் வந்து டங்கென்று நின்றது. காலையில் கட்டிய, துரு படாத, அவள் வால்வு. கட்டிய கம்பி அவிழ்ந்திருந்தது. அவள் அதை எடுத்துப் பார்த்துவிட்டுச் சன்னாசியிடம் நீட்டினாள்.

“குடுத்துட்டா. மாட்டு.”

ரேடியேட்டர் காலியாக இருந்தது. ஓடை அதில் இல்லை. சன்னாசி கொதிக்கிற போல்ட்டை ஸ்பேனரால் தளர்த்தி வெறுங்கையால் கழற்றினான். துணி தேடக்கூட அவனுக்குத் தோன்றவில்லை, தோல் ஒட்டிக்கொண்டு வந்தது. வண்டியில் கிடந்த என் டீத்தூள் அட்டைப் பெட்டியைக் கிழித்து வளையமாக வெட்டிக் கிரீஸ் தடவி வைத்தான், வால்வை உட்காரவைத்து இறுக்கினான். தண்ணீர்? தண்ணீருக்கு எங்கே போவது என்று நான் திரும்பியபோது, பாறை வெடிப்பில் ஈரம் மின்னியது. நூல் வந்தது. விரல் வந்தது.

நான் மக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஒச்சம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மெதுவா. கொதிக்கிற இன்ஜின்ல பச்சத் தண்ணிய ஒரேயடியா ஊத்துனா வெடிச்சிரும். ஆறட்டும்.”

மகள் உள்ளே பல்லைக் கடித்துக்கொண்டிருக்க, அவள் காத்திருந்தாள். அவள் காத்திருந்ததைப் போல யாரும் காத்திருந்து நான் பார்த்ததில்லை. இன்ஜின் மேல் கையைக் காட்டிக் காட்டிப் பார்த்து, பிறகு வண்டியைக் கிளப்பிவிட்டு, நூல் மாதிரி, வண்டிக்குக் குடிக்கத் தருகிற மாதிரி ஊற்றினாள். ரேடியேட்டர் மெல்ல மெல்ல வெதுவெதுப்பானது. சன்னாசி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு விசும்பினான். கண்ணாடிக்குள் முள் இறங்கியது. நாங்கள் கணவாயைத் தாண்டினோம்.

ஆஸ்பத்திரி வாசலில் நாகஜோதியை இறக்கி வைத்ததும் பிறந்துவிட்டது பிள்ளை. பெண் பிள்ளை. வெளியே ஜீப்பின் மட்கார்டில் சாய்ந்து நின்ற ஒச்சம்மாளுக்கு அந்த அழுகை கேட்டது. கேட்டதும் அப்படியே சரிந்து டயரோரம் உட்கார்ந்து, சேலையை வாயில் அடைத்துக்கொண்டு, இரண்டு பிள்ளைக்கும் சேர்த்து அழுதாள்.

பிள்ளையோடு மலையேறி வந்த அன்று வளைவில் நிறுத்தினோம். ஓடை பழையபடி ஓடிக்கொண்டிருந்தது, சத்தத்தோடு, மீனோடு. சன்னாசி எங்களுக்கு முன்னால் வந்திருந்தான்; கட்டுப்போட்ட கையோடு மரத்திலிருந்து வால்வுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, துடைத்து, நிற்கிற ஜீப்புகளில் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தான், ஒவ்வொன்றுக்கும் ஒரு தேங்காய். உயிருள்ளதை அவன் மாட்டுவான், செத்ததற்குக் கீழேயிருந்து புதுசு வரவழைப்பான். வண்டிகள் இனிமேல் அவ்வளவு கொதிக்காது, பீடி குடிக்க வேறு சாக்குத் தேட வேண்டும் என்று டிரைவர்கள் முணுமுணுத்தார்கள். ஓடையில் கால் வைத்த சன்னாசி, “ஆ, கடிச்சிருச்சு!” என்று துள்ளினான். நண்டும் வந்து சேர்ந்துவிட்டது என்று தெரிந்தது.

ஒச்சம்மாள் மக்கை எடுத்தாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் மக்கை மோந்தாள், கல்லைத் தாண்டிப் போனாள், ரேடியேட்டரில் ஊற்றினாள். சன்னாசி தலையில் கை வைத்துக்கொண்டான். அவள் திரும்பி வந்து இரண்டாவது மக்கை மோந்தாள். கல்லின் முன்னால் குனிந்து, தலையிலிருந்து கால்வரை நனைகிற மாதிரி, மெதுவாக, நூலாக ஊற்றினாள்.

“இனிமே வரிசை இதுதான்” என்றாள் கல்லிடம். “முதல்ல வண்டி. அப்பறம் நீ. வண்டிக்குள்ள இருந்து பாத்தவதான, உனக்குத் தெரியும்.”

மகள் கையிலிருந்த பிள்ளையை வாங்கி, அதன் சின்னக் காலைக் குளிர்ந்த கல்லின் மேல் ஒரு நிமிஷம் வைத்தாள். பிள்ளையின் சூட்டுக்கு, மரத்தில் அவிழ்க்காமல் கடைசியாக மிஞ்சி, ஆறி மறுபடி மூடிக்கிடந்த ஒரு வால்வு டொக்கென்று திறந்தது.